வாழவந்தியில் ஒரு ஃபில்டர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போவது என் வழக்கம். இந்தத் தடவை பதினாலோடு எண்ணிக்கை நின்றுபோயிற்று. பக்கத்து ஸீட்டுப் பாப்பா காலையில் சாப்பிட்ட இட்லியை என் மடியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதைத் துடைத்து முடிப்பதற்குள் ஏற்காடு வந்துவிட்டது.

அங்கிருந்து வாழவந்திக்கு இன்னொரு பஸ். வழி நெடுக சில்வர் ஓக் மரங்கள், அவற்றைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடிகள், கீழே நிழலில் காப்பிச் செடிகள். என் கல்லூரித் தோழி ஒருத்தி அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சின்னக் காப்பித் தோட்டம், ஒரு மாமியார், எட்டாவது படிக்கும் ஒரு பெண், திருப்பூரில் வேலை பார்க்கும் கணவர். இவ்வளவுதான் குடும்பம். "ஊர்ப் பெயரைப் பாரடி, வாழவந்தி! எனக்காகவே வைத்த மாதிரி இல்லை?" என்று கல்யாணப் பத்திரிகையை நீட்டும்போதே சொல்லிச் சிரித்தவள் அவள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"வாம்மா கண்ணு, குளிர்லே வந்திருக்கே, ஒரு வாய் காப்பி குடி" என்று மாமியார் பித்தளை ஃபில்டரை எடுத்து வைத்தார். சொந்தத் தோட்டத்துக் கொட்டை, வீட்டிலேயே வறுத்து அரைத்த பொடி. வாசனை கூடம் வரைக்கும் வந்தது. ஆனால் பத்து நிமிஷம் ஆயிற்று, கால் மணி ஆயிற்று, டிகாக்‌ஷன் மட்டும் இறங்கவில்லை. பொடி ரொம்ப நைஸாக அரைபட்டுவிட்டதாம். பாட்டியம்மாள் ஃபில்டரின் தலையில் கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அது இறங்குகிற வரைக்கும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்று தோழி என்னைத் திண்ணைக்கு அழைத்துப்போனாள்.

விஷயம் இதுதான். பெண் தன் அம்மாவின் செல்போனில் ஏதோ விளையாட்டு விளையாடுவாள். அந்த விளையாட்டில் கூட ஆடுகிறவர்களோடு பேசவும் வசதி உண்டு. பதின்மூன்று வயசுப் பெண் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி சிநேகமானாள். முதல் நாள் பெயர் கேட்டாள். மறுநாள் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டாள். அதற்கு மறுநாள், "யூனிபாரத்தில் ஒரு போட்டோ அனுப்பேன்" என்றாள். அனுப்பியாயிற்று. அடுத்தபடி இன்னொரு போட்டோ கேட்கப்பட்டது. அது எப்படிப்பட்ட போட்டோ என்று நான் எழுத வேண்டியதில்லை. "அனுப்பாவிட்டால் முதல் போட்டோவை எல்லோருக்கும் காட்டுவேன்" என்ற மிரட்டலும் கூடவே வந்தது.

குழந்தை அனுப்பவில்லை. கெட்டிக்காரி. ஆனால் நாலு நாள் அதை வீட்டில் சொல்லவும் இல்லை. சோறு இறங்கவில்லை, ராத்திரியில் தூக்கிவாரிப் போட்டது. தோழி துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அந்தப் பெண் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "சொன்னா போனைப் பிடுங்கிடுவீங்க. அப்புறம் நான் பாடம் எதிலே பார்ப்பேன்?"

"போனை உடைச்சு அடுப்பிலே போடு" என்பது மாமியாரின் தீர்ப்பு. தோழி என்னிடம் கேட்டது வேறு. "இத்தனை போலீஸ், இத்தனை சட்டம், இத்தனை ஆபீசர்கள் இருக்கிறார்களே. இந்த மாதிரி அசிங்கத்தை எல்லாம் சர்க்கார் ஒரேயடியாக மூடிவிடக் கூடாதா? நம் காப்பிக்கு ஃபில்டர் இருக்கிற மாதிரி இண்டர்நெட்டுக்கும் ஒன்று வைத்துவிட்டால் என்ன?"

சகோதரிகளே, இந்தக் கேள்வியை உங்களில் பாதிப் பேராவது கேட்டிருப்பீர்கள். திண்ணையில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ஆகவே ஊர் திரும்பிச் சட்டப் புத்தகத்தையும் கோர்ட்டுத் தீர்ப்புகளையும் கொஞ்சம் புரட்டினேன்.

ஃபில்டர் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் முதல் ஆச்சரியம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 69ஏ என்று ஒரு பிரிவு. 2009-ம் வருஷத்திலிருந்து அமலில் இருக்கிறது. ஒரு தளத்தையோ அதில் ஒரு பக்கத்தையோ மக்கள் பார்க்க முடியாதபடி மூடும் அதிகாரத்தை அது மத்திய சர்க்காருக்குக் கொடுக்கிறது. எந்தக் காரணங்களுக்காக மூடலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அந்நிய நாடுகளோடு நல்லுறவு, பொது அமைதி என்று நீளுகிற அந்தப் பட்டியலை நான் இரண்டு தரம் படித்தேன். குழந்தை என்ற வார்த்தை அதில் இல்லை. குழந்தைகளை அலங்கோலப்படுத்தும் படங்களைப் பற்றி 67பி என்று தனிப் பிரிவு உண்டு. எடுப்பவனுக்கும், பரப்புபவனுக்கும், தேடிப் பார்ப்பவனுக்கும் முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை சிறை, பத்து லட்ச ரூபாய் வரை அபராதம். அது ஆளைப் பிடிக்கும் பிரிவு. தளத்தை மூடும் பிரிவு வேறு.

குழந்தைகளின் பெயரைச் சொல்லி மூடிப் பார்த்ததும் உண்டு. 2013-ல் இந்தூர் வக்கீல் ஒருவர் ஆபாசத் தளங்களை மூட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2015 ஜூலை 31-ம் தேதி, 857 தளங்களை மூடும்படி டில்லியிலிருந்து கம்பெனிகளுக்குக் கடிதம் போயிற்று. மூடினார்கள். பார்த்தால், வெறும் நகைச்சுவைத் தளங்களும் அந்த ஜாபிதாவில் அகப்பட்டுக்கொண்டிருந்தன. ஒரே கூச்சல். ஐந்தாவது நாள், ஆகஸ்ட் 4-ம் தேதி, "குழந்தைகளை வைத்து எடுத்த படங்கள் இல்லாத தளங்களைத் திறந்துகொள்ளலாம்" என்று மறு கடிதம். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்ப்பது யார்? அந்தப் பொறுப்பு கம்பெனிகளின் தலையில் விழுந்தது. அவர்கள் கையை விரித்தார்கள். 2018-ல் உத்தராகண்ட் ஹைகோர்ட் உத்தரவு போட்டதும் அதே பழைய ஜாபிதா மறுபடி தூசி தட்டப்பட்டது. இந்தத் தடவை யாரோ ஒரு புண்ணியவான் 857 தளங்களையும் உட்கார்ந்து சோதித்திருக்கிறார். முப்பதில் ஆபாசமே கிடையாதாம்! மிச்சம் 827 மூடப்பட்டன.

இது நம் நாட்டு விசேஷம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2008-ல் குழந்தைகளைக் காக்க நாடு முழுவதற்கும் கட்டாய ஃபில்டர் போடப் போகிறோம் என்றார்கள். எந்தத் தளங்கள் என்பது ரகசியம். 2009 மார்ச்சில் அந்த ரகசிய ஜாபிதா வெளியே கசிந்தது. அதில் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் பல் பிடுங்கும் டாக்டர் ஒருவருடைய தளம் இருந்தது! பாவம், அவர் யார் பல்லைப் பிடுங்கினாரோ. 2012 நவம்பரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். உலகப் போலீசான இண்டர்போல் சோதித்துக் கொடுத்த, குழந்தைக் கொடுமைத் தளங்கள் மட்டும் அடங்கிய குறுகிய ஜாபிதாவோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஜாபிதாவில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. உங்களுக்கும் இராது.

தப்பு நேருவது சகஜம். தப்பு நேர்ந்ததென்று யாருக்கும் தெரியாமற்போவதுதான் சங்கடம். நம் 69ஏ பிரிவின் கீழ் செய்த விதிகளில் பதினாறாவது விதி, இந்த உத்தரவுகளும் புகார்களும் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. உத்தரவு போடுமுன் தளத்துக்காரருக்குச் சொல்லி அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்று எட்டாவது விதி இருக்கிறது. அவசரமானால் முதலில் மூடிவிட்டு, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கமிட்டி முன் வைக்கலாம் என்று ஒன்பதாவது விதி இருக்கிறது. 2015 மார்ச் 24-ல் சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரிவைச் செல்லும் என்றது. காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் கோர்ட்டுக்கு வரலாம், ஆகவே பாதுகாப்பு போதும் என்றது. சரி, காரணம் எழுதிய காகிதம் பீரோவுக்குள் இருந்தால் பாதிக்கப்பட்டவர் எதைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார்?

இந்தக் கேள்வி நம் பத்திரிகை உலகத்தின் வாசலிலேயே வந்து நின்றது. 2025 பிப்ரவரி 15-ம் தேதி மாலை, நம் சகப் பத்திரிகையான விகடனின் இணையதளம் பல ஊர்களில் திறக்கவில்லை. தொடர்கதை படிக்கப் போனவர்களுக்கும் ராசிபலன் பார்க்கப் போனவர்களுக்கும் சமையல் குறிப்புத் தேடியவர்களுக்கும் வெறும் வெள்ளைத் திரை. அவர்களுடைய மின்னிதழ் ஒன்றில், பிரதமர் மோடி கைவிலங்கோடு அமெரிக்க ஜனாதிபதி டிரம்பின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் வந்திருந்தது. புகார் டில்லிக்குப் போயிற்று. தளம் படுத்துவிட்டது. விளக்கம் கேட்கும் நோட்டீஸ் அதற்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. அந்தச் சித்திரம் ரசிக்கத்தக்கதா இல்லையா என்பது அவரவர் அபிப்பிராயம். ஒரு சித்திரத்துக்காக ஒரு முழு வீட்டையே பூட்டலாமா என்பதுதான் விஷயம். மார்ச் 6-ம் தேதி சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி பரத சக்கரவர்த்தி ஒரு வழி சொன்னார். அந்தச் சித்திரம் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்து வையுங்கள், சர்க்கார் தளத்தைத் திறந்துவிடட்டும் என்றார். இதையே முதல் நாளில் யாராவது சொல்லியிருக்கலாம்.

ஒரு பக்கத்தை மூட ஒரு வீட்டையே பூட்டுவானேன்? இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. இப்போதெல்லாம் தளங்கள் வாசகருக்கு அனுப்புவதை உறையில் போட்டு ஒட்டித்தான் அனுப்புகின்றன. நடுவில் நிற்கும் இண்டர்நெட் கம்பெனி தபால்காரர் மாதிரி. உறைமேல் உள்ள விலாசம் தெரியும், உள்ளே எந்தக் கடிதம் என்று தெரியாது. ஆகவே கம்பெனியிடம் போய் மூடு என்றால் விலாசத்தையே மூட வேண்டியதுதான். எழுதினவரிடமே போய்க் கேட்டால் ஒரு கடிதத்தை மட்டும் எடுக்கலாம். தப்பித்துக்கொள்ளத் தெரிந்தவன் வி.பி.என். என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு வேறு தெரு வழியாகப் போய்விடுவான். மாட்டிக்கொள்வது சமையல் குறிப்புத் தேடின மாமிதான்.

பழைய கதை ஒன்று ஞாபகம் வருகிறது. 1987-ல் இதே விகடனின் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காகத் தமிழ்நாடு சட்டசபை ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. ஊரே கொதித்தெழ, ஓரிரு நாளில் விடுதலை. எனக்குத் தோன்றுவது இது: அன்றைக்கு ஆசிரியரைப் பிடித்து உள்ளே வைத்தார்களே தவிர, உங்கள் வீட்டு அலமாரியில் இருந்த இதழை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. இன்றைக்கு யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. இதழ்தான் வீட்டிலிருந்து காணாமற்போயிற்று.

குழந்தைக்காக என்று சொல்லிப் போடும் பூட்டும் கேலிச்சித்திரத்துக்குப் போடும் பூட்டும் வேறுதானே என்பீர்கள். காகிதத்தில் வேறு. பூட்டுகிற கை ஒன்றுதான். டிக்டாக் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 3-ல் மதுரை ஹைகோர்ட்டுக் கிளை குழந்தைகளின் நன்மையை உத்தேசித்து அதற்குத் தடை சொல்லிற்று. வக்கீல் அரவிந்த் தத்தாரைக் கோர்ட்டுக்கு உதவியாக நியமித்து, இரு தரப்பும் பேசி, ஏப்ரல் 24-ல் தடை நீங்கிற்று. அந்த மூன்று வாரத்தில் வாதம் நடந்தது, காரணம் சொல்லப்பட்டது, பத்திரிகைகளில் நாம் படித்தோம். 2020 ஜூன் 29-ம் தேதி ராத்திரி மூடப்பட்ட 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. இந்தத் தடவை எல்லைத் தகராறு சமயம், 69ஏ பிரிவு, நாட்டின் பாதுகாப்பு. குழந்தைகள் அந்தப் பேச்சிலேயே இல்லை.

*

இப்போது தோழியின் பெண்ணிடம் வருகிறேன். 857 தளங்களையும் மூடியிருந்தாலும், அந்த விளையாட்டில் வந்த 'பதின்மூன்று வயசுப் பெண்' தடைப்பட்டிருப்பாளா? மாட்டாள். அவள் வந்தது எந்த ஆபாசத் தளத்தின் வழியாகவும் அல்ல. குழந்தைகள் மேல் நடக்கும் கொடுமைகளில், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குழந்தைக்குத் தெரிந்த ஆளே செய்தது என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு வருஷா வருஷம் சொல்கிறது. மாமா, அண்டை வீட்டார், டியூஷன் வாத்தியார். இண்டர்நெட்டிலும் முதலில் 'தெரிந்தவளாக' ஆகிக்கொண்டுதான் வருகிறார்கள். எந்தச் சல்லடையிலும் சிநேகிதம் சிக்குவதில்லை.

ஆனால் ஆளைப் பிடிக்க வழி இருக்கிறது. இது நன்றாக வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தைகளை அலங்கோலப்படுத்திய படம் ஒன்று ஒரு முறை கண்டுபிடிக்கப்பட்டால், அதற்கு ஒரு கைரேகை மாதிரி எண் எடுத்து வைத்துவிடுகிறார்கள். 2009-ல் மைக்ரோசாப்ட் கம்பெனியும் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. மறுபடி அந்தப் படத்தை எவனாவது ஏற்றினால் கைரேகை காட்டிக் கொடுத்துவிடும். அமெரிக்கக் கம்பெனிகள் அதைத் தங்கள் நாட்டுக் குழந்தைகள் பாதுகாப்பு மையத்துக்குச் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரலில் அந்த மையத்தோடு நம் குற்ற ஆவணக் காப்பகம் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பிறகு துப்புகள் மாநிலப் போலீசுக்கு வருகின்றன. அந்த டிசம்பரிலேயே திருச்சியில் ஒருவர் கைதானார். ஜாபிதா தயார், இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று போலீஸ் அதிகாரி எச்சரித்தார். அந்த வாரம் தமிழ்நாட்டில் எத்தனை ஆண்பிள்ளைகள் செல்போனைத் துடைத்துத் துடைத்து வைத்தார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும்!

அப்படி வந்த ஒரு துப்பின்மேல், சென்னை அம்பத்தூரில் ஓர் இளைஞர்மீது வழக்கு நடந்தது. 2024 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. தனியாகப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்றது. அதே வருஷம் செப்டம்பர் 23-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. வைத்திருப்பதும் குற்றமே என்றது. இன்னொன்றும் சொன்னது. இவற்றை 'ஆபாசப் படம்' என்று சட்டத்தில் எழுதாதீர்கள், இவை குழந்தைமேல் நடந்த கொடுமையின் பதிவுகள் என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான். ஆபாசம் என்று சொன்னதும் நமக்குப் பார்க்கிறவனின் ஒழுக்கம்தான் ஞாபகம் வருகிறது. கொடுமை என்று சொன்னால் எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கும் ஒரு குழந்தை ஞாபகம் வருகிறது. தளத்தை மூடினால் நம் கண்ணுக்கு மறைந்துவிடும். அந்தக் குழந்தையைத் தேடி யாராவது அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாமா?

மாமியார் சொன்ன அடுப்பு வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் சேளனூரில் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதி. மாலை ஆறிலிருந்து பத்து வரை செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி. படிப்புக்கே செல்போன்தான் வேண்டியிருக்கிறது என்று ஒரு மாணவி ஒப்படைக்க மறுத்தார். விடுதியை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். அவர் ஹைகோர்ட்டுக்குப் போனார். 2019 செப்டம்பர் 19-ல் நீதிபதி பி.வி. ஆஷா, இண்டர்நெட்டை அணுகுவது படிக்கும் உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் உத்தரவு. குழந்தைகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை நம் நாடு 1992-ல் ஏற்றுக்கொண்டது. அதன் பதினேழாவது ஷரத்திலும், குழந்தைக்குப் பல இடங்களிலிருந்தும் விஷயங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதும், கெடுதலிலிருந்து காக்க வேண்டும் என்பதும் பக்கத்தில் பக்கத்தில்தான் எழுதியிருக்கின்றன. நம் வீடுகளில் இரண்டாவது பாதியை மட்டும் படிக்கிறோம், அதுவும் பெண் குழந்தைகளுக்கு மட்டும். பையன் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கியதாக நான் கேள்விப்பட்டதே அபூர்வம்.

2023-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயசுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கம்பெனிகள் எடுத்தாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதப் பகுதி அமலுக்கு வரப் பதினெட்டு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவோ 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயசுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சொல்லிவிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் வயசை நிரூபிக்க எல்லோரும் எதையாவது காட்ட வேண்டுமே. குழந்தை குழந்தைதான் என்று காட்டுவதற்காக, ஊரிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் தங்கள் அடையாளச் சீட்டையோ முகத்தையோ யாரோ ஒரு கம்பெனியின் வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். அதை யார் பத்திரப்படுத்துவார்கள் என்று கேட்கும் உரிமையும் தாய்மார்களுக்கு உண்டு.

*

வாழவந்தித் திண்ணையில் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. எனக்கே அன்றைக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். முதலில், அந்தப் பேச்சுக்களை அழித்துவிடத் துடித்த தோழியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவைதான் சாட்சி. ஒவ்வொன்றையும் திரையோடு படம் பிடித்து வைத்தோம். மத்திய சர்க்காரின் சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்கள், குழந்தைகள் என்ற பகுதியில், தேதி, நேரம், அந்தப் புனைபெயர் எல்லாம் எழுதிப் புகார் கொடுத்தோம். வாழவந்தியில் அதற்கு மூன்று தரம் கூரைமேல் ஏற வேண்டியிருந்தது. அப்போதுதான் சிக்னல் கிடைக்கும். குழந்தைகளுக்கு ஆபத்தென்றால் 1098, சைபர் மோசடியென்றால் 1930 என்று எண்களை மாமியாரின் கேலண்டரில் பெரிசாக எழுதி வைத்தேன்.

இன்னொரு ஏற்பாடு அப்புறம் தெரிந்துகொண்டு அவளுக்குப் போனில் சொன்னேன். நான் மேலே சொன்ன அதே அமெரிக்க மையம் 'டேக் இட் டவுன்' என்று ஒன்று நடத்துகிறது. பதினெட்டு வயசுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் ஏதாவது வெளியே போய்விட்டால், படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நம் செல்போனிலேயே அதன் கைரேகை எடுக்கப்பட்டு, அந்த எண் மட்டும் அங்கே போகும். சேர்ந்திருக்கும் கம்பெனிகள் அதை வைத்துத் தங்கள் தளங்களில் படத்தைத் தேடி எடுத்துவிடும். இதே போன்ற படம் உங்கள் வாட்ஸாப்புக்கு வந்தால், "இவனைப் பிடியுங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று யார் சொன்னாலும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அனுப்புவதே குற்றம். அந்தக் குழந்தைக்கு மறுபடி ஒரு தடவை அதே கொடுமை.

புகார் தளம் ஓர் எண் கொடுத்தது. அந்தப் பெண் அதை ஒரு சீட்டில் எழுதித் தன் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டாள். அதற்குள் டிகாக்‌ஷன் இறங்கியிருந்தது, ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு டம்ளர். பாட்டியம்மாள் கடைசியில் ஃபில்டரைத் தட்டுவதை விட்டுவிட்டு, பொடியைக் கொட்டி, கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்துப் போட்டிருந்தார். பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "போனை அடுப்பிலே போட மாட்டேன் சாமி. ஆனா எவன் என்ன கேட்டாலும் என்கிட்டே சொல்லிப்போடோணும், தெரிஞ்சுதா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

பஸ்ஸுக்கு என்னோடு கூட வந்தது அவள்தான். என் பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நடந்தாள். வளைவில் பஸ் விளக்குத் தெரிந்த பிறகுதான் கேட்டாள்.

"சித்தி, அந்த ஆளு இப்போ வேற யாராவது பொண்ணுகிட்டே பேசிக்கிட்டு இருப்பானா?"

"இருக்கலாம், கண்ணு."

"அவ வீட்டிலே சொல்லுவாளா?"

நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்து நின்றுவிட்டது.